நடக்கப் பழகாத குழந்தையின் உடம்பில் ரத்தக்கட்டு: குழந்தை வன்கொடுமை பற்றிய மருத்துவ ஆய்வுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே மாதிரியான காயம். ஒரு வழக்கில் மருத்துவர் "யாரோ தாக்கியிருக்கிறார்கள்" என்று சாட்சி சொல்கிறார். இன்னொரு வழக்கில் வேறொரு மருத்துவர் "எலும்பு நோயாக இருக்கலாம்" என்கிறார். செய்தி படிப்பவருக்கு இருவரில் ஒருவர் பொய் சொல்வதாகத்தான் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் வன்கொடுமைக்கென்று ஒரு பரிசோதனை கிடையாது. வீட்டார் சொல்லும் விவரமும் குழந்தையின் உடம்பும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் இந்தத் துறை சுற்றிச் சுற்றிக் கேட்கிறது. அந்தப் பொருத்தத்தை எதை வைத்து அளக்கிறார்கள், அந்த அளவுகோல் எங்கே உறுதியானது, எங்கே ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால் முரண்பாடுகளில் பாதி விளங்கிவிடும்.

முதலில் சில சொற்கள்

மருத்துவ ஆய்வுகள் நான்கு வகைகளைப் பிரிக்கின்றன: உடல் வன்கொடுமை, பாலியல் வன்கொடுமை, மனரீதியான வன்கொடுமை, புறக்கணிப்பு. முதல் மூன்றும் செய்யக் கூடாததைச் செய்வது. நான்காவது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது: உணவு, மருத்துவம், கண்காணிப்பு, அரவணைப்பு. செய்தியில் இடம்பிடிப்பது உடல், பாலியல் வன்கொடுமைகள். எண்ணிக்கையில் முன்னால் நிற்பது பெரும்பாலும் புறக்கணிப்பு.

எண்ணிக்கை என்றதும் ஓர் எச்சரிக்கை. யாரைக் கேட்டு எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். பாலியல் வன்கொடுமை பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பாதிக்கப்பட்டவர்களிடமே நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 127 பேர் என்று வந்தது. மருத்துவர், ஆசிரியர், அதிகாரி போன்றவர்கள் அறிந்ததை வைத்து எண்ணிய ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 4 பேர். இரண்டுமே சரியான எண்கள்தான். முதலாவது எவ்வளவு நடக்கிறது என்பதை நெருங்கிச் சொல்கிறது. இரண்டாவது, எவ்வளவு வெளியே வருகிறது என்பதை.

எக்ஸ்ரே அறையில் தொடங்கிய துறை

பாரிஸில் தடயவியல் மருத்துவர் அம்புருவாஸ் தார்தியூ 1860-இலேயே தாக்கப்பட்ட குழந்தைகளின் காயங்களை விரிவாக எழுதிவைத்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. பெற்றோர் இப்படிச் செய்வார்கள் என்று நம்ப மருத்துவ உலகம் தயாராக இல்லை. உள்ளே பார்க்கக் கருவியும் இல்லை.

கருவி வந்தபின் 1946-இல் அமெரிக்கக் கதிரியக்க நிபுணர் ஜான் காஃபி, ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் மூளை உறைக்கு அடியில் பழைய ரத்தக்கசிவு. ஆறு பேருக்குமாகக் கை கால் நீள எலும்புகளில் 23 முறிவுகள். அடிபட்டதாக வீட்டார் எதுவும் சொல்லவில்லை. காஃபி அப்போதும் பெற்றோரை நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைத் துணிந்து சொன்னது 1962-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப் குழு. 71 மருத்துவமனைகளில் ஓராண்டுக் கணக்கைத் திரட்டினார்கள்: 302 குழந்தைகள், 33 மரணங்கள், 85 பேருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும், சந்தேகம் வந்தால் மருத்துவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன.

மருத்துவர் கேட்கும் மூன்று கேள்விகள்

1. இந்த வயதுக் குழந்தையால் இதைச் செய்ய முடியுமா? இரண்டு மாதக் குழந்தை தானாக உருண்டு கட்டிலிலிருந்து விழுந்தது என்றால் கேள்வி எழும். ஏழு மாதக் குழந்தை என்றால் எழாது.

2. சொன்ன சம்பவத்தில் இந்தக் காயத்துக்குத் தேவையான விசை இருக்கிறதா? சோபாவிலிருந்து விழுந்தால் மண்டையோட்டில் நேர்கோட்டு விரிசல் வரலாம்; அது நடக்கக்கூடியதே. ஆனால் ஒன்றரை மீட்டருக்குக் குறைவான உயரத்திலிருந்து விழுந்து சிறு குழந்தை இறப்பது, 2008-இல் வெளியான கணக்கின்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவு.

3. காயத்துக்கும் மருத்துவமனைக்கு வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? அந்த நேரத்துக்குக் காரணம் உண்டா? கேட்கும்போதெல்லாம் விவரம் மாறுகிறதா?

இரண்டாவது கேள்விக்கு வெந்நீர்க் காயம் நல்ல உதாரணம். பெரியவர்களின் தோல் 60 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் சுமார் 5 வினாடியில் ஆழமாக வெந்துவிடும். 54 டிகிரியில் அரை நிமிடம், 49 டிகிரியில் பல நிமிடங்கள் ஆகும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். அதனால் விசாரணைக் குழு அந்த வீட்டுக் குழாயைத் திறந்து, தண்ணீரின் உச்ச வெப்பத்தை அளந்து குறித்துக்கொள்ளும். அடுத்து காயத்தின் விளிம்பைப் பார்ப்பார்கள். குழந்தை தானாகத் தண்ணீரில் கால் வைத்திருந்தால் துள்ளும், உதறும். தெறித்த புள்ளிகளும் கலைந்த விளிம்பும் இருக்கும். பிடித்து அமிழ்த்தியிருந்தால் காலுறை போட்டதுபோல் ஒரே மட்டத்தில் கோடு விழும். தொட்டியின் அடிப்பாகம் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், அதில் அழுந்திய பிட்டத்தின் நடுப்பகுதி மட்டும் வேகாமல் தப்பியிருக்கும்.

ரத்தக்கட்டு: எளிய அடையாளம், எளிதில் தவறும் அடையாளம்

1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. நோய் எதுவும் இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்கு வந்த, மூன்று வயதுக்குட்பட்ட 973 குழந்தைகளின் உடம்பில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று எண்ணினார்கள். நடக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு நகரும் பருவத்தில் சுமார் 18 சதவீதம். அந்தப் பருவத்துக்கும் வராதவர்களில் 2 சதவீதம். ஆறு மாதத்துக்குட்பட்ட 366 பேரில் வெறும் இரண்டு பேர்.

இடமும் முக்கியம். ஓடி விழும் குழந்தைக்கு நெற்றி, முழங்கால், காலின் முன்னெலும்பு என்று உடம்பின் முன்பக்கத்தில், எலும்பு துருத்தும் இடங்களில் காயம் படும். காது, கழுத்து, வயிறு, பிட்டம் ஆகியவை விழும்போது அடிபடும் இடங்கள் அல்ல. நான்கு மாதக் குழந்தையின் காது மடலில் ரத்தக்கட்டு. "தொட்டில் கம்பியில் இடித்துக்கொண்டது" என்கிறார்கள். தலையை அவ்வளவு வேகமாக வீசி இடிக்கும் வலு அந்த வயதில் கழுத்துக்கு வரவில்லை. காது மடல் வளைந்து நசுங்க, ஒரு கையோ வீசப்பட்ட பொருளோ தேவை.

இதையெல்லாம் திரட்டி உருவான விதிதான் 'டென்-4-ஃபேசஸ்-பி' (பார்க்க வேண்டிய இடங்களின் ஆங்கில முதலெழுத்துகளும் வயது எண்ணும் சேர்ந்த பெயர்). நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்கிறது அது:

1. நெஞ்சு, வயிறு, முதுகு, பிட்டம் உள்ளிட்ட உடற்பகுதி, காது, கழுத்து ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு.
2. மேலுதட்டையோ நாக்கையோ இணைக்கும் சவ்வு, தாடை மூலை, கன்னத்தின் சதைப்பகுதி, இமை, கண்ணின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றில் காயம்.
3. கை விரல், பெல்ட், கயிறு போன்ற ஏதாவது ஒன்றின் அச்சு.
4. ஐந்து மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடம்பில் எங்கே இருந்தாலும் சரி.

ரத்தக்கட்டோடு வந்த 2161 குழந்தைகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். வன்கொடுமைக்கு ஆளானவர்களில் 95 சதவீதத்தினரை விதி பிடித்தது. விபத்தில் அடிபட்டவர்களில் 87 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது.

இங்கேதான் செய்திகள் சறுக்குகின்றன. "95 சதவீதம் துல்லியம்" என்றால், விதியில் மாட்டிய குழந்தை வன்கொடுமைக்கு ஆளாகியிருக்க 95 சதவீத வாய்ப்பு என்று பொருள் அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரத்தக்கட்டோடு ஆயிரம் குழந்தைகள் வருகிறார்கள், அவர்களில் 20 பேர் உண்மையில் தாக்கப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். விதி அந்த 20 பேரில் 19 பேரைப் பிடிக்கும். மீதமுள்ள 980 பேரில் 13 சதவீதம், அதாவது சுமார் 127 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, மாட்டிய 146 பேரில் 19 பேர்தான் உண்மையில் தாக்கப்பட்டவர்கள். இந்த விதி சலிக்கும் சல்லடை மட்டுமே, தீர்ப்பு அல்ல. புகார் தெரிவிப்பதற்கு 'நியாயமான சந்தேகம்' போதும் என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்வதும், யார் செய்தார் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதும் இதனால்தான்.

சல்லடையே வேண்டாம் என்று ஒதுக்கினால் என்ன ஆகும்? 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வன்கொடுமைக்கு ஆளானது உறுதியான 200 கைக்குழந்தைகளில் 27.5 சதவீதத்தினருக்கு அதற்கு முன்பே ஒரு 'சின்னக் காயம்' இருந்திருக்கிறது. பெரும்பாலும் ரத்தக்கட்டு, அல்லது வாய்க்குள் காயம். ஒப்பீட்டுக்கு எடுத்த, வன்கொடுமை இல்லை என்று முடிவான 101 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. தலைக்காயத்தில் 1999-இல் வந்த மற்றோர் ஆய்வு: தாக்கப்பட்டுத் தலையில் காயமடைந்த 173 குழந்தைகளில் 54 பேருக்கு முதல் முறை வந்தபோது வாந்தி, காய்ச்சல், தலையில் சாதாரண அடி என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளையினக் குழந்தைகள், தாய் தந்தை இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக் குழந்தைகள் ஆகியோரிடத்தில் அதிகம் தவறவிட்டிருந்தார்கள். "இந்த வீட்டில் அப்படி நடக்காது" என்ற நினைப்பும் கண்ணை மறைக்கும்.

இன்னொன்று. ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழையது" என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் பட்ட இரண்டு காயங்கள்கூட வெவ்வேறு நிறத்தில் இருக்கலாம்.

எலும்புகள்: ஏன் இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மேல் சந்தேகம் வந்தால் உடம்பு முழுவதையும் பகுதி பகுதியாக, சுமார் இருபது படங்களாக எடுக்கிறார்கள். முழுக் குழந்தையையும் ஒரே படத்தில் அடக்குவது பயனற்றது. நுண்ணிய முறிவுகள் அதில் தெரியாது.

புதிய விலா எலும்பு முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு கூடும்போது முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு முண்டாகத் திரளும். அது கண்ணுக்குப் படும் அளவு வளரச் சுமார் 7 முதல் 14 நாள் ஆகும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். இந்த இரண்டாம் சுற்றுக்குக் குழந்தையை அழைத்து வராமல் விடுவது நடைமுறையில் அடிக்கடி நேரும் ஓட்டை.

விலா எலும்பின் பின்பகுதி முறிவுக்குத் தனி மதிப்பு உண்டு. மார்பை இரு கைகளாலும் முன்னும் பின்னும் இறுக்கிப் பிழியும்போது, விலா எலும்பு முதுகெலும்பின் பக்கவாட்டு முனையில் நெம்புகோல்போல் ஊன்றி முறிகிறது. தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போது முதுகுக்குத் தரை தாங்கலாக இருப்பதால் அங்கே முறிவது அரிது. மூட்டருகே எலும்பு முனையின் ஓரம் சில்லாகப் பெயர்ந்திருந்தால், கையையோ காலையோ பிடித்து முறுக்கி இழுத்த விசையைச் சந்தேகிப்பார்கள்.

வேறு காரணம் உண்டா என்று பார்ப்பது இந்த இடத்தில் கட்டாயம்:

1. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய். சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று. கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்திருக்கலாம். மரபணுப் பரிசோதனை உறுதிப்படுத்தும்.
2. ரிக்கெட்ஸ் என்ற, எலும்பு மென்மையாகும் நோய். கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைட்டமின் டி மட்டும் குறைவாக இருப்பதை வைத்து முறிவுகளுக்கு விளக்கம் சொல்வது நீதிமன்றங்களில் அடிக்கடி வரும் வாதம். எக்ஸ்ரேயில் ரிக்கெட்ஸ் மாற்றம் இல்லாதபோது அது நிற்காது.
3. ரத்தம் உறைவதில் கோளாறு: ஹீமோபிலியா, வான் வில்லிபிராண்ட் நோய், வைட்டமின் கே குறைவு.
4. பிறவியிலேயே முதுகிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலச்சாம்பல் தேமல். ரத்தக்கட்டு சில நாட்களில் நிறம் மாறி மறையும். இது அப்படிச் சில நாட்களில் மாறாது.

வயிற்றில் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உள்ளே ஈரல் கிழிந்திருக்கலாம். ரத்தத்தில் ஈரல் நொதி அளவு லிட்டருக்கு 80 யூனிட்டைத் தாண்டினால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது இப்போது பரவலான வழக்கம்.

குலுக்கலும் தலைக்காயமும்: சர்ச்சை எதைப் பற்றி?

குழந்தையைப் பிடித்துக் குலுக்கினாலே மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசியலாம் என்று 1971-இல் எழுதியவர் பிரிட்டன் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச். காஃபி அதை விரித்தெழுதினார். நாளடைவில் மூளை உறைக் கசிவு, விழித்திரைக் கசிவு, மூளைப் பாதிப்பு மூன்றும் சேர்ந்திருந்தால் குலுக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணம் வேரூன்றியது.

இதில் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தவர்களைத்தான் பல ஆய்வுகள் 'குலுக்கப்பட்டவர்கள்' என்று வகைப்படுத்தின. பிறகு குலுக்கப்பட்டவர்களிடம் இந்த மூன்றும் அதிகம் இருப்பதாகக் கண்டுபிடித்தன. தன் வாலையே கவ்வும் தர்க்கம். 2016-இல் சுவீடனின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் இதைச் சுட்டிக்காட்டி, இந்த மூன்றை மட்டும் வைத்துக் குலுக்கலை உறுதி செய்வதற்கான ஆதாரம் போதாது என்றது. வயதான காலத்தில் கத்கெல்ச்சே தன் கருத்து இப்படி இயந்திரத்தனமாகப் பயன்படுத்தப்படுவதைக் கேள்விக்குட்படுத்தி 2012-இல் எழுதினார்.

மறுபக்கமும் வெறுங்கையோடு இல்லை. குலுக்கியதாக ஒப்புக்கொண்டவர்களின் வாக்குமூலத்தை வைத்துப் பிரான்சில் 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. 112 வழக்குகளில் 29 பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஒருமுறை அல்ல, பலமுறை செய்ததாகச் சொன்னார்கள். 2018-இல் பல நாட்டுக் குழந்தைக் கதிரியக்கச் சங்கங்கள் சேர்ந்து, நடைமுறையில் யாரும் மூன்று அடையாளங்களை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, விவரப் பொருத்தம், எலும்புப் படம், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்துதான் என்று அறிக்கை விட்டன. சரியான நடைமுறை இந்த அறிக்கை சொல்வதுதான். ஆனால் எல்லா வழக்குகளிலும் அது கடைப்பிடிக்கப்பட்டது என்று அறிக்கையை வைத்துச் சொல்லிவிட முடியாது. எனவே ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது பார்க்க வேண்டியது: கண் மருத்துவர் கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்த்தாரா? கசிவு ஓரிரு புள்ளியா, பல அடுக்குகளில் விளிம்பு வரை பரவியதா? ரத்த உறைவுச் சோதனையும், இதே தோற்றத்தைத் தரக்கூடிய, பிறவியிலேயே வரும் குளுட்டாரிக் அமில நோய்க்கான சோதனையும் நடந்தனவா? 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 'குலுக்கல்' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'வன்கொடுமைத் தலைக்காயம்' என்று பெயர் மாற்றியதும் இந்த எச்சரிக்கையால்தான். எப்படி நடந்தது என்பதைப் பெயரிலேயே முன்கூட்டி முடிவு செய்துவிடக் கூடாது.

புறக்கணிப்பு: காயமில்லாத சேதம்

புறக்கணிப்பை எக்ஸ்ரே காட்டாது. எடை அட்டை காட்டும். குழந்தையின் வளர்ச்சிக் கோடு, அட்டையில் அச்சிட்டிருக்கும் சதமான வரிகளில் இரண்டு முக்கிய வரிகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். வார்டில் சேர்த்து, அளந்து ஊட்டும்போது நோய் மருந்து எதுவும் இல்லாமலே எடை ஏறினால், வீட்டில் உணவு போதவில்லை என்று பொருள். ஆனால் போதாததற்குக் காரணம் வறுமையா, பால் கலக்கும் அளவு தெரியாததா, தாயின் மனச்சோர்வா, அலட்சியமா என்பதை எடை அட்டை சொல்லாது. இவற்றை ஒரே பெயரில் அடைத்துப் புகார் எழுதுவது இந்தத் துறையின் மோசமான பழக்கம்.

அரவணைப்பு இல்லாமை மூளையை என்ன செய்யும் என்பதற்கு வலுவான ஆதாரம் ருமேனியாவிலிருந்து வந்தது. 2000-களின் தொடக்கத்தில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள்; மற்றவர்கள் வழக்கமான ஏற்பாட்டில் தொடர்ந்தார்கள். நான்கரை வயதில் காப்பகக் குழுவின் சராசரி நுண்ணறிவு எண் 73, வளர்ப்புக் குடும்பக் குழுவுக்கு 81, காப்பகத்தையே பார்க்காத குழந்தைகளுக்கு 109. எவ்வளவு சீக்கிரம் மாற்றினார்களோ அவ்வளவு பலன். பாதிக் குழந்தைகளைக் காப்பகத்திலேயே விட்டது அறமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அப்போது அங்கே வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு ஏறக்குறைய இல்லை, ஆய்வுக் குழுதான் அதை உருவாக்கியது, காப்பகத்தில் இருந்த எந்தக் குழந்தை வெளியேறுவதையும் தடுக்கவில்லை என்பது அவர்களின் பதில்.

"மதிப்பெண் நான்கு" என்றால் என்ன?

1998-இல் வெளியான ஆய்வில் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, அண்டா குழு சான் டியேகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதுக் கசப்பான அனுபவங்களைக் கேட்டது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்கு மது அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவை 4 முதல் 12 மடங்கு அதிகம். எத்தனை வகை அனுபவித்தார் என்று எண்ணும், அதிலிருந்து கிளம்பிய 'மதிப்பெண்' இன்று இணையத்தில் ஜோசியம்போல் சுற்றுகிறது. இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

1. இது கூட்டத்துக்கான கணக்கு. ஒரு தனிமனிதரின் நோயை முன்கூட்டிச் சொல்ல இது உதவாது என்று 2020-இல் அண்டாவே எழுதினார்.
2. நினைவை நம்பிய கணக்கு. 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சிறுவயதிலேயே பதிவான வன்கொடுமைக்கு ஆளானவர்களில் பாதிப் பேர் பெரியவர்களானபின் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பழைய பதிவு இல்லை. இரண்டு முறைகளும் வெவ்வேறு ஆட்களைப் பிடிக்கின்றன.

"அடிபட்டவன் அடிப்பான்" என்ற நம்பிக்கைக்கும் இதே கதி. நீதிமன்றப் பதிவுகளை வைத்துக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த கேத்தி விடோமின் 1989 ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 29 சதவீதம் பேர் பின்னாளில் ஏதாவது குற்றத்துக்குக் கைதானார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவீதம். கூடுதல்தான். ஆனால் பத்தில் ஏழு பேர் கைதாகவே இல்லை.

தடுக்க முடியுமா?

டேவிட் ஓல்ட்ஸ் 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எல்மைரா நகரில் தொடங்கிய திட்டத்தில், முதல் குழந்தையைச் சுமக்கும் ஏழை, இளம் தாய்மாரின் வீட்டுக்கு நர்சுகள் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை சென்றார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது உறுதியான வன்கொடுமை, புறக்கணிப்புப் பதிவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இதே மாதிரியை இங்கிலாந்தில் சோதித்து 2016-இல் வெளியிட்டபோது, முதல் இரண்டு ஆண்டுகளில் சொல்லத்தக்க பலன் தெரியவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் ஏற்கெனவே வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அழுகையைப் பற்றிய கல்வி இன்னொரு பாதை. கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சிக்குப் போய், பின் தணியும். குலுக்கல் காயத்தோடு மருத்துவமனைக்கு வரும் எண்ணிக்கையும் அதே வடிவத்தில், சில வாரம் பின்தங்கி ஏறி இறங்குவதை ரொனால்டு பார் குழு 2006-இல் காட்டியது. அதற்கு முன்பே மார்க் டயஸ் என்ற மருத்துவரின் குழு பிரசவ வார்டிலேயே, "அழுகை நிற்காவிட்டால் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகிப் போங்கள்" என்று இரு பெற்றோருக்கும் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இந்தக் காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005-இல் அறிவித்தார்கள். பிறகு டயஸ் பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் அதையே செய்து பார்த்தார். 2017-இல் முடிவு வந்தது: மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. தான் உருவாக்கிய திட்டத்தின் தோல்வியை அவரே வெளியிட்டார்.

இத்தகைய முடிவுகளை எடைபோடும்போது ஒரு பொறி உண்டு. நர்ஸ் அடிக்கடி போகும் வீட்டில் புறக்கணிப்பு கண்ணில் படும் வாய்ப்பும் அதிகம். அதனால் திட்டம் நன்றாக நடந்தாலும் புகார் எண்ணிக்கை கூடலாம். யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். ஆகவே புகார்களை மட்டும் எண்ணும் ஆய்வைவிட, மருத்துவமனையில் சேர்ந்த காயங்களையும் மரணங்களையும் சேர்த்து எண்ணும் ஆய்வுக்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம்.